சிரிப்புக்கான கட்டம்

1

ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்கள்: நான், என் மகன், மருமகள், அவள் மடியில் நான்கு மாதப் பேரன், மேசைக்கு அந்தப் பக்கம் நர்ஸ். ஐந்தே பேர். நேரில் பார்த்ததாகச் சொல்லித் திரிகிறவர்களையெல்லாம் சேர்த்தால் அந்த அறையில் நிற்க இடம் இருந்திருக்காது. அதனால்தான் இந்த வயதில் பேனாவை எடுத்தேன். கதை எழுதும் ஆசையால் அல்ல.

2

முதல் வரியை மூன்று முறை அடித்துவிட்டேன். ‘எங்கள் குடும்பத்தில் யாரும் பல்லைக் காட்டியதில்லை.’ உண்மைதான், ஆனால் பல் டாக்டரிடம் போன கதை போல இருக்கிறது. ‘குழந்தை என்பது…’ இதையும் விட்டேன். என்பது என்னவென்று தெரிந்தால்தானே எழுத?

வீட்டில் நான் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: பிள்ளை முன்னால் கோணங்கித்தனம் கூடாது. நாக்கை நீட்டுவது, ‘புர்ர்’ என்பது எதுவும் கிடையாது. (இங்கே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மருமகள் அன்று “சரி மாமா” என்பதைக் கொஞ்சம் வேகமாகவே சொன்னாள். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.)

3

எடை, தலைச் சுற்றளவு எல்லாம் அட்டையில் எழுதிய நர்ஸ் ஒரு காலிக் கட்டத்தில் பேனாவை நிறுத்தினார்.

“முகம் பாத்துச் சிரிக்கிறானா?”

மகன் என்னைப் பார்த்தான். மருமகள் தரையைப் பார்த்தாள். நர்ஸ் கிலுகிலுப்பையை ஆட்டினார், கொஞ்சினார். பேரன் அசையவில்லை. தீர்ப்புச் சொல்லப்போகும் நீதிபதி மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பெரிய டாக்டருக்கு எழுதிடறேன்மா. ஏதாவது குறை இருக்கான்னு அவரு பாக்கட்டும்.”

எங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் குறையா? நான் வாயைத் திறப்பதற்குள் மருமகள் அழுதுவிட்டாள்.

“சிரிப்பான் சிஸ்டர். நல்லாவே சிரிப்பான்.” என் பக்கம் திரும்பாமல் சொன்னாள். “மாமா இல்லாதப்ப.”

“கதவைச் சாத்திக்கிட்டுத்தான்பா சிரிக்க வைப்போம்,” என்றான் மகன். இவனுமா!

“எதிர்ல இருக்கற முகத்தைப் பாத்துத்தான் ஐயா இதுங்க கத்துக்கும். இது உங்ககிட்ட கத்துக்கிட்டது,” என்று நர்ஸ் பேரன் நெற்றியைக் காட்டினார். இரண்டு புருவமும் முடிச்சுப் போட்டிருந்தன. “ஆனா நீங்க சொன்னா எழுத முடியாதும்மா. நான் கண்ணால பாக்கணும். ஐயா கொஞ்ச நேரம் வெளிய இருக்கீங்களா?”

குடும்பத் தலைவனை. வெளியே.

4

ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன்: பெரியவர் மிடுக்காக எழுந்து நடைவழியில் போய் நின்றார், உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. கௌரவமான முடிவு. ஆனால் அந்தப் பெரியவரை நான் நம்பவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவர் என்ன

(அந்த வாக்கியம் அப்படியே கிடக்கட்டும்.)

இன்னொன்று: பெரியவர் கன்னத்தை உப்பிக்காட்டினார், எல்லோரும் கைதட்டினார்கள். சினிமாத்தனம். கிழித்துப் போட்டேன்.

பிடித்ததை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். நர்ஸ் அந்தக் கட்டத்தில் டிக் போட்டார். எந்த முடிவுக்கும் அது பொது.

5

ஒரே ஒரு திருத்தம். பேரன் முதலில் சிரித்தானாம், அதைக் கண்டு மனம் இளகித்தான் நானும் சிரித்தேனாம். சம்பந்தி பார்க்கிறவர்களிடமெல்லாம் இப்படிச் சொல்லிவருகிறார். என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைப்பு.

தவறு. முதலில் சிரித்தவன் நான். அவன் அதற்குப் பிறகுதான், அதுவும் கொஞ்சம் யோசித்துவிட்டு.