பின்பாதியின் எழுச்சி

மனித நாகரிகத்தின் வரலாறு என்பது ஈரத்தை அடக்கிய வரலாறுதான். கூரை வேய்ந்தவன் மழையை அடக்கினான். அணை கட்டியவன் ஆற்றை அடக்கினான். அந்த வரிசையில் அடுத்து நிற்பது நாம்தான் என்று சொல்லித்தான் டாக்டர் எந்தக் கூட்டத்திலும் பேச்சைத் தொடங்குவார். அவர் அடக்க முயன்றுகொண்டிருந்தது கைக்குழந்தைகளின் மூத்திரத்தை. அதுவும் இன்னும் அடங்கியபாடில்லை.

டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. திரவங்கள் நார்களுக்குள் எப்படி ஊர்ந்து போகின்றன என்று ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். வீட்டுக் கதவில் 'டாக்டர்' என்று மட்டும் பலகை மாட்டியிருந்ததால், மேல்மாடிக்காரர்கள் பிள்ளைக்குச் சளி பிடித்தால் தூக்கிக்கொண்டு வந்து நின்றுவிடுவார்கள். ஆரம்பத்தில் விளக்கம் சொல்லிப் பார்த்தார். பிறகு முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "வெந்நீர் குடுங்க" என்று அனுப்பக் கற்றுக்கொண்டார். பலகையை மட்டும் மாற்றவில்லை.

டயாப்பர் தொழிற்சாலை ஒன்றில் நடுப்பட்டைப் பிரிவுக்கு அவர் தலைவர். நடுப்பட்டைதான் டயாப்பரின் வயிறு. மரப்பஞ்சையும் சர்க்கரை போன்ற ஒரு வெள்ளைத் துகளையும் கலந்து அதில் அடைத்திருப்பார்கள். ஈரம் பட்டதும் துகள் ஊதிக் கூழாகி, வந்த தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் கழற்றிய டயாப்பர் எதைப் பிரித்துப் பார்த்தாலும் முன்பாதி தவளை மாதிரி உப்பியிருக்கும். பின்பாதி சும்மா கிடக்கும். ஈரம் விழுவதும் முன்னால், கசிவதும் முன்னால். பின்பாதிப் பஞ்சு, கூட்டத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போகிறவர்களைப் போல, வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

அந்தப் பின்பாதியை வேலை வாங்குவதே டாக்டரின் லட்சியம். பட்டையின் நெடுகிலும் வாய்க்கால் மாதிரிப் பள்ளம் வெட்டினால், முன்னால் விழும் ஈரம் பின்னால் ஓடும். பாதிப் பஞ்சில் முழு வேலை நடக்கும். காகிதத்தில் அது ஓடியது. கணினித் திரையில் நீல நிறத்தில் கண்ணைப் பறிக்கிற மாதிரி ஓடியது. குழந்தைகள் போட்டுக்கொண்டதும் விழுந்த இடத்திலேயே நின்றது.

இரண்டு வடிவங்கள் இப்படி நின்றுபோன பிறகு, இயக்குநர் அவரை அறைக்குக் கூப்பிட்டார்.

"டாக்டர், மூணாவதுதான் கடைசி. இதுவும் கசிஞ்சா உங்க பிரிவை மூடிடறேன். நடுப்பட்டையை வெளியில ரெடிமேடா வாங்கிக்கலாம்."

"அப்ப நான்?"

"உங்களை யார் விடுவா? ஈரத் துடைப்பான் பிரிவுல நாற்காலி காலியா இருக்கு."

டாக்டருக்கு அந்த நாற்காலி கண்முன் வந்து நின்றது. வாழ்நாளெல்லாம் ஈரத்தோடு மல்லுக்கட்டியவன், கடைசியில் தாளுக்கு ஈரம் ஏற்றுகிற வேலைக்கா போவது?

அன்று சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி கொஞ்சம் வருத்தப்பட்டாள். மச்சினன் வருத்தப்படவில்லை. அவன் அதே கம்பெனியில் விளம்பரப் பிரிவில் இருந்தான்; சாப்பாட்டுக்கு அக்கா வீட்டில் இருந்தான்.

"எதிர்க்கட்சிக்குத் தாவுற மாதிரி நினைச்சுக்குங்க அத்தான். இத்தனை நாள் காய வச்சீங்க. இனிமே நனைங்க."

"டேய், வாயில சோறு இருக்கும்போது பேசாதேடா" என்றாள் அக்கா. அவள் தடுத்தது பேச்சை இல்லை, சிதறலை.

மூன்றாவது வடிவம் தயாராயிற்று. படமோ எழுத்தோ இல்லாத வெள்ளை டயாப்பர்களாகத் தைத்து, குழந்தை இருக்கும் வீடுகளுக்குக் கொடுத்தார்கள். போட்டுக் கழற்றியதைப் பையில் கட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். டாக்டர் தன் கைக்குழந்தைக்கென்று வீட்டுக்கும் சிலவற்றைக் கொண்டுவந்தார். ஆய்வுக்கூடத்தில் அவற்றைப் பிரிப்பவள் 'கத்தரி அக்கா'. எந்நேரமும் கையில் கத்தரிக்கோலோடு திரிவதால் இயக்குநர் உட்பட எல்லாருக்கும் அவள் அதுதான். பையைத் திறப்பாள், பக்கங்களை வெட்டி எறிவாள், நடுப்பட்டையை மட்டும் உருவி விளக்கு மேசைமேல் வைப்பாள். பட்டையின் முன் ஓரத்தில் தொழிற்சாலையிலேயே ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருப்பார்கள். அதை வைத்து முன் எது, பின் எது என்று தெரிந்துகொள்ளலாம்.

முதல் பை: முன்னால் தவளை, பின்னால் சும்மா. அடுத்த பை: அதே தவளை. டாக்டர் மேசைக்குப் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு தவளையையும் சொந்தக்காரர் வீட்டுச் சாவு மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கசிஞ்சதுன்னு இந்த வீட்டம்மா எழுதி வேற அனுப்பியிருக்காங்க, டாக்டர். படிக்கட்டுமா?"

"வேணாம்."

"கெட்ட வார்த்தை எல்லாம் இல்ல. லேசாத்தான்..."

"வேணாம்னு சொன்னேன்ல?"

கத்தரி அக்கா அடுத்த பையைப் பிரித்தாள். பட்டையை உருவி வைத்தாள். கை அப்படியே நின்றது.

சிவப்புப் புள்ளி இருந்த முன்பாதி காய்ந்து, தட்டையாக, கடையில் வாங்கிய மாதிரி இருந்தது. பின்பாதி உப்பி, பளபளவென்று, விளக்கொளியில் மினுங்கிக்கொண்டிருந்தது.

"டாக்டர்... ஈரம் மொத்தமும் பின்னாடி போயிருக்கு."

டாக்டர் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். பக்கத்திலிருந்த குப்பைக்கூடைமேல் உட்கார்ந்துவிட்டார். அதற்குள் என்ன இருந்தது என்று நினைத்துப் பார்க்கும் நிலையில் அவர் இல்லை.

"ஒரு சொட்டுகூட முன்னாடி தங்கல!" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை. "நான் பாதிதானே எதிர்பார்த்தேன்?"

இயக்குநர் ஓடி வந்தார். பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "குழந்தைக்கு ஒண்ணும் ஆகலையே?" அப்படிப்பட்ட உறிஞ்சல் அது. எந்த வீட்டுப் பை என்று பார்த்தார்கள். டாக்டர் வீட்டுப் பை.

டாக்டருக்குக் கண் கலங்கியது. அன்று காலை நடந்தது அவருக்கு நினைவு வந்தது. மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போயிருந்தாள். குழந்தை நனைந்து அழுதது. மச்சினன் மூக்கைப் பொத்திக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டான். வேறு வழியில்லாமல் டாக்டரே ஒரு வெள்ளை டயாப்பரை எடுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் கையால் மாட்டிவிட்டார். டயாப்பரைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகளை அடுக்கினால் குழந்தையின் உயரம் வரும். ஆனால் மாட்டிவிடுகிற வேலை அதுவரை அவர் பிரிவின்கீழ் வரவில்லை. மனைவி திரும்புவதற்குள் கழற்றி, பையில் கட்டி, வழக்கமான கடை டயாப்பரை மாட்டச் சொல்லி மச்சினனைக் கூப்பிட்டார். அவன் இறங்கி வரவே இல்லை.

"நானே என் கையால போட்டேன்" என்றார் இயக்குநரிடம்.

"அப்ப சூட்சுமம் கையிலதான் இருக்கு!" என்றார் இயக்குநர். "நீங்க எப்படி மாட்டுறீங்களோ அப்படி மாட்டினாத்தான் வாய்க்கால் திறக்குது. மத்தவங்களுக்கு மாட்டத் தெரியல."

ஆனால் அறிவியல் என்றால் ஒரு தடவை நடந்தது போதாது. டாக்டர் மனைவி இல்லாத நேரமாகப் பார்த்து மறுபடி மாட்டினார். மறுபடியும் முன்பாதி காய்ந்திருந்தது. இன்னொரு தடவை மாட்டினார். அதே அதிசயம். எத்தனை தடவை செய்தாலும் அதே முடிவு வந்தால் அதுதான் உண்மை என்று புத்தகங்கள் சொல்கின்றன. புத்தகங்கள் டாக்டரைப் பார்த்ததில்லை.

அதன் பிறகு அவர் நடையே மாறிவிட்டது. கண்டுபிடிப்புக்கு உரிமை கோரி விண்ணப்பம் எழுதினார். புவியீர்ப்பைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தார். அதில் புவியீர்ப்பைக் கொஞ்சம் கண்டித்தும் இருந்தார். அவர் மாட்டும் முறைக்கு மச்சினன் 'டாக்டர் கட்டு' என்று பெயர் வைத்தான்.

"உலகத்துல எத்தனையோ கட்டு இருக்கு அத்தான். மாவுக்கட்டு, கண்கட்டு. இனிமே இது."

"கிண்டலா?"

"சேச்சே! எனக்கு இதுக்குத்தான் சம்பளமே."

பெரிய கடைத்தொடர் ஒன்றின் கொள்முதல்காரர் வந்து பார்க்க ஒப்புக்கொண்டார். அவர் தலையாட்டினால் பிரிவு பிழைக்கும். ஆட்டாவிட்டால் ஈரத் துடைப்பான். கூட்ட அறையின் நீள மேசைமேல் ரப்பர் விரிப்பு போட்டார்கள். சோதனைக்கு வந்த தாய்மார்களையும் அழைத்து, நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். எல்லாரும் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டாமா? டாக்டரின் மனைவி குழந்தையோடு வந்து ஓரமாக நின்றாள். 'டாக்டர் கட்டு' என்னவென்று அவளுக்கும் தெரியாது. கேட்டபோதெல்லாம், "அது கொஞ்சம் டெக்னிக்கல்" என்று சொல்லிவிட்டிருந்தார்.

"மனித நாகரிகத்தின் வரலாறு..." என்று டாக்டர் தொடங்கினார். கூரை, அணை எல்லாம் வந்து போயிற்று. கொள்முதல்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இயக்குநர் கண்ணைக் காட்ட, டாக்டர் குழந்தையை வாங்கி விரிப்பில் கிடத்தினார். வெள்ளை டயாப்பர் ஒன்றை விரித்தார். அறையே எட்டிப் பார்த்தது. ஒரு காலைத் தூக்கி, மறுகாலைத் தூக்கி, அடியில் செருகி, முன்பக்கத்திலிருந்து இரண்டு ஒட்டுப்பட்டைகளையும் இழுத்து, குழந்தையின் முதுகுப் பக்கமாகக் கொண்டுபோய் ஒட்டினார். குழந்தை நெளிந்தது.

"என்னங்க" என்றாள் மனைவி. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தால் எந்தக் குரலில் சொல்வாளோ, அந்தக் குரலில். "திருப்பிப் போடுறீங்க."

டாக்டர் ஒட்டுப்பட்டையிலிருந்து கையை எடுக்காமல் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன திருப்பி?"

"முன்பக்கம் பின்னாடி இருக்கு. ஒட்டுப்பட்டை பின்னாடியிலிருந்து முன்னாடி வரணும்ங்க."

"பொத்தான் இருக்கிற பக்கம்தானே எப்பவும் முன்பக்கம்?" என்றார் டாக்டர். "சட்டைக்கு முன்னாடி. கோட்டுக்கு முன்னாடி. கால்சட்டைக்கு முன்னாடி. உலகத்துல எந்த உடுப்புக்கு..."

தாய்மார்களில் ஒருத்தி முந்தானையால் இல்லை, முழுக்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மனைவிக்கு அப்போதுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. "இல்ல... சில பேர் அப்படியும் போடுவாங்க போல" என்றாள். யாரும் நம்பவில்லை.

கத்தரி அக்கா மெல்ல எழுந்தாள். "டாக்டர், வீட்டுலயும் இப்படித்தான் போட்டீங்களா?"

"ஒவ்வொரு தடவையும்."

"அப்ப சிவப்புப் புள்ளி குழந்தையோட முதுகுப் பக்கம் இருந்திருக்கு. முன்னாடி விழுந்தது முன்னாடியே நின்னிருக்கு. எங்கேயும் போகல."

இயக்குநர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "ஒரு அங்குலம்கூடவா?"

"ஒரு விரக்கடைகூட இல்ல சார்."

வெறும் ஈரம் மட்டுமே இருக்கும் பைகளைத்தான் ஆய்வுக்கு எடுக்க வேண்டும் என்று விதி எழுதியவர் டாக்டர்தான். கெட்டியான சமாசாரம் இருந்தால் பிரிக்காமலே எறிந்துவிடுவார்கள். அவர் வீட்டுப் பைகளில் ஒன்றாவது அந்த மாதிரி வந்து, அதைப் பிரித்தும் பார்த்திருந்தால், சமாசாரம் சிவப்புப் புள்ளிப் பக்கம் கிடப்பதைக் கண்டு அன்றே குட்டு உடைந்திருக்கும்.

டாக்டர் மேசையருகே அசையாமல் நின்றார். வாய்க்கால், உரிமை விண்ணப்பம், புவியீர்ப்பைக் கண்டித்த பத்தி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் வந்து போவது மனைவிக்கு அவர் முகத்திலேயே தெரிந்தது. இந்தச் சமயத்தில் குழந்தையாவது எதையாவது செய்து கூட்டத்தின் கவனத்தைத் திருப்பியிருக்கலாம். அது தூங்கிவிட்டது.

கொள்முதல்காரர் எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டார். "பொத்தான் விஷயத்துல அவர் சொன்னதுல நியாயம் இருக்கு" என்று வாசலில் நின்று இயக்குநரிடம் சொன்னார். "எங்க வீட்டுலயும் நான் ஒரு தடவை அப்படித்தான்... சரி, அதை விடுங்க. எது முன்பக்கம்னு தெரியற மாதிரி ஏதாவது படம் போட்டுக் குடுங்க. வாங்கிக்கறேன்."

படம் போட்டார்கள். முன்பக்கம் தொப்புளுக்குக் கீழே ஒரு மஞ்சள் வாத்து. நடுப்பட்டை வெளியில் ரெடிமேடாக வந்தது. மூன்றாவதும் கசிந்ததால் நடுப்பட்டைப் பிரிவை மூடினார்கள். மச்சினன் விளம்பரத்தில், 'பல்லாண்டு ஆராய்ச்சியின் பலன்' என்று எழுதினான். அது பொய்யும் இல்லை. உரிமை விண்ணப்பத்தில் வாய்க்காலையும் புவியீர்ப்பையும் அடித்துவிட்டு, வாத்தை மட்டும் டாக்டர் பெயரில் வைத்தார்கள்.

டாக்டர் ஈரத் துடைப்பான் பிரிவில் போய்ச் சேர்ந்தார். முதல் நாள் மாலை, வாத்துப் போட்ட புது டயாப்பர்ப் பொட்டலம் ஒன்றை மரியாதைப் பிரதியாகக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும், யாரையும் கூப்பிடாமல், அவரே குழந்தைக்கு ஒன்றை மாட்டிவிட்டார்.

வாத்து பின்னால் இருந்தது.