பெயர் மறைத்த கட்டுரை

எங்கள் சமயவியல் ஆய்விதழ் புதிய பதிப்பகத்துக்குப் போகிறது என்றதும் அலுவலகத்தில் எல்லாருக்கும் நிம்மதி. பழைய பதிப்பகம் ஓர் இதழை வெளிக்கொண்டுவருவதற்குள் எங்கள் உயிரை வாங்கிவிடும். எனக்கு மட்டும் அந்த நிம்மதி இல்லை. பதினேழு வருடக் கோப்புகளையும் ஒப்படைக்க வேண்டும். அவை சரியாக இருந்தால்தான் துணையாசிரியரான என்னையும் சேர்த்துக்கொள்வார்களாம்.

அதில் ஒரு கோப்பில் நான் அடித்த கூத்து இருந்தது. கட்டுரை எழுதியவரின் பெயரை மறைத்து, அந்தத் துறை தெரிந்த ஒருவருக்கு மதிப்பீட்டுக்கு அனுப்புவது எங்கள் வழக்கம். ஒன்பது வருடத்துக்கு முன், மௌன வழிபாடு பற்றி வந்த கட்டுரையில் பெயரை அக்கறையாக மறைத்தேன். துறை தெரிந்தவர் யார் என்று பட்டியலில் தேடி, எழுதிய பேராசிரியருக்கே அனுப்பிவைத்தேன்.

அவரும் 'வெளியிடத் தகுதியற்றது' என்று நான்கு பக்கம் எழுதி அனுப்பினார். மதிப்பிட்டதற்கு நன்றிக் கடிதம், கட்டுரையை நிராகரித்துக் கடிதம், இரண்டும் ஒரே முகவரிக்கு. தபால்பெட்டிக்குள் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் வாயே திறக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

இப்போது புதிய பதிப்பகத்தின் சார்பில் கோப்புகளைச் சரிபார்க்க வந்திருப்பவர் அதே பேராசிரியர்.

"அந்த ஃபைலை மட்டும் ஒளிச்சு வெச்சிடேன்," என்றார் என் கணவர்.

"நம்பர் வரிசையில இடிக்குமே," என்றேன். இவருக்கு எல்லாமே சுலபம்.

கடைசியில் அந்தக் கோப்பையே முதலில் எடுத்துப்போய் அவர் மேஜையில் வைத்தேன். "சார், இது உங்க கட்டுரை. மதிப்பீடும் உங்களோடதுதான். தப்பு என்னோடது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் கட்டுரை எனக்குத் தெரியாதாம்மா? கவரைப் பிரிச்சதுமே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன் சார் சொல்லலை?"

"பதவி உயர்வுக்காக அவசரத்துல எழுதினது. மூணாம் பக்கத்துல சொன்னதை ஒன்பதாம் பக்கத்துல நானே மறுத்திருந்தேன். திருப்பிக் கேக்க வெக்கமா இருந்துச்சு. நீங்க வழி பண்ணிக் குடுத்தீங்க. உயர்வு ரெண்டு வருஷம் தள்ளிப்போச்சு, மானம் தப்பிச்சுது."

நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தேன். ஒன்பது வருடமாக இவர் பெயரைக் கண்டாலே பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன்.

"நானும் சொல்லியிருக்கணும். ரெண்டு பேர் தப்பையும் எழுதி உள்ள வெச்சிடுவோம்," என்றவர், ஒரு தாளில் நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டு என் பக்கம் நகர்த்தினார்.

நான் கையெழுத்திட வேண்டிய இடத்தில் 'துணையாசிரியர்' என்று எழுதி, அதன் கீழே புதிய பதிப்பகத்தின் பெயரைப் போட்டிருந்தார்.