நெட்டை அண்ணன் சீட்டு

எங்கள் டிப்போவில் பஸ் ஓட்டுநரின் சீட்டை போல்ட்டு போட்டு முடுக்குவதில்லை. தரையோடு வெல்டிங் வைத்து ஒட்டிவிடுவார்கள். எப்போதோ ஒரு மேட்டில் போல்ட்டு கழன்று, சீட்டோடு சேர்ந்து ஓட்டுநரும் பின்னால் போய்விட்டாராம். அதற்கப்புறம் ஆளை உட்காரவைத்து, கால் நீளம் பார்த்து ஒட்டுவதே வழக்கமாகிவிட்டது. அவர் ஓய்வு பெற்றால் அதே உயரத்தில் இன்னொருவரைத் தேடி அந்த வண்டியைக் கொடுப்பார்கள். தைத்த சட்டைக்கு ஆள் தேடுகிற கதைதான். ஆனால் அங்கே யாருக்கும் இதில் சிரிப்பு வந்ததில்லை.

நான் அந்த டிப்போவின் முதல் பெண் ஓட்டுநர். என் உயரத்துக்கு வண்டியே கிடையாது. கிடைத்தது, ஓய்வு பெற்ற நெட்டை அண்ணனின் வண்டி. அவர் காலை நீட்டி உட்கார்ந்த இடத்தில் நான் உட்கார்ந்தால் கிளட்ச் எட்டாது. முதுகுக்கு வீட்டுத் தலையணையை முட்டுக்கொடுத்து, சீட்டின் நுனியில் தொற்றிக்கொண்டு ஓட்டினேன். கிளட்ச் பாதிதான் மிதிபடும், வண்டி துள்ளும். "பொம்பளை ஓட்டுனா இப்படித்தான்" என்று ஒரு பெரியவர் சத்தமாகவே சொன்னார். அவர் சொன்னதுகூடப் பரவாயில்லை. எனக்கு நிஜமாகவே ஓட்ட வரவில்லையோ என்று நானே நினைக்க ஆரம்பித்ததுதான் உள்ளே அரித்தது.

"இன்னொரு புகார் வந்தா டிக்கெட் கவுன்டருக்குப் போயிடும்மா. அங்க ஃபேன் இருக்கு" என்றார் மேனேஜர்.

ஃபேனாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் அடுப்படியில் அடுப்பு ஒரு சாண் உயர்ந்து நிற்கிறது. நான் வேலைக்குப் போனதிலிருந்து சமையல் என் வீட்டுக்காரர்தான். மேடை என் உயரத்துக்குக் கட்டியது, அவர் குனிந்தே கிடப்பார். இப்போது அடுப்புக்கடியில் செங்கல் அடுக்கியிருந்தார்.

"என்னங்க இது கோலம்?"

"என் முதுகு என்ன, வாடகைக்கா எடுத்தது?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"சமைக்கிறது யாரு?" கரண்டியைக்கூட நிறுத்தாமல் கேட்டார்.

கோபம்தான் வந்தது. அது என் அடுப்படி. ஆனால் படுத்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. அவர் யாரையும் கேட்காமல் செங்கல் வைத்துவிட்டார், அடுப்படி அவருடையதாகிவிட்டது. நானோ தினமும் தலையணையைத் தூக்கிக்கொண்டு, என் வண்டிக்கே விருந்தாளியாகப் போய்க்கொண்டிருந்தேன்.

மறுநாள் தலையணையை எடுக்கவில்லை. வண்டியைப் பட்டறை வாசலை அடைத்தபடி நிறுத்தி, சீட்டை விட்டு இறங்காமலே கூப்பிட்டேன்.

"அண்ணே, இந்த சீட்டை அறுத்து முன்னால தள்ளிக் கொடுங்க."

தலைமை மெக்கானிக் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "விளையாடுறியா தங்கச்சி? நாளைக்கு நீ போயிட்டா, அடுத்து வர்றவனுக்கு முட்டி ஸ்டீயரிங்ல இடிக்கும்."

"போறேன்னு யார் சொன்னா?"

"மேனேஜரைக் கேக்கணும்மா."

"கேளுங்க. அதுவரைக்கும் வண்டி நகராது."

பின்னால் நின்ற வண்டிகள் ஹாரனை அலறவிட்டன. மேனேஜர் அரக்கப்பரக்க ஓடிவந்தார். "என்னம்மா அடம் இது?"

"கிளட்ச் எட்டலை சார். எட்டாத சீட்டுல உக்கார வச்சிட்டு, ஓட்டத் தெரியலைன்னு சொல்லாதீங்க. சரி பண்ணிக் கொடுங்க, அப்புறம் புகார் வந்தா நானே கவுன்டருக்குப் போறேன்."

அவர் குனிந்து, பெடலுக்கு மேலே அந்தரத்தில் நின்ற என் காலைப் பார்த்தார். ஹாரன் காதைப் பிளந்தது. "அறுத்துத் தொலைங்கய்யா!" என்று கத்திவிட்டுப் போனார்.

அறுத்தார்கள். சீட்டை முன்னால் நகர்த்தியதும் ஏறி உட்கார்ந்து மிதித்தேன். கிளட்ச் அடிவரைக்கும் போயிற்று. கண்ணில் நீர் முட்டியது, சந்தோஷத்தில்தான்.

மெக்கானிக் கையில் போல்ட்டுகளோடு நின்றார். "இப்போதைக்கு இதைப் போட்டு விடறேன். ஒருவேளை நீ கவுன்டருக்குப் போயிட்டா, பின்னால தள்ளச் சுலபமா இருக்கும்."

"நெட்டை அண்ணனுக்கு என்ன பண்ணீங்க?"

"அவருக்கு ஒட்டினேன்."

"எனக்கும் ஒட்டுங்க."

அவர் போல்ட்டுகளை டப்பாவில் போட்டு மூடினார்.

"அப்ப நல்லா சாய்ஞ்சு உக்காரு" என்றார்.