தூசி புகாத பெட்டி

ஒரே மாதத்தில் மூன்று முறை லைன் அறுந்தால் வேலை கிடையாது என்று சேர்ந்த அன்றே எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு வரும் போன்களை வீட்டிலிருந்தபடியே எடுத்து, எந்த டாக்டரை எந்த நாளில் எத்தனை மணிக்குப் பார்க்கலாம் என்று பதிவு செய்து கொடுக்கிற வேலை அவளுக்கு. நோயாளி பேசிக்கொண்டிருக்கையில் இணைப்பு போனால் அது ஒன்று. யார் தப்பு, என்ன காரணம் என்று கேட்பார் இல்லை. எண்ணுவது கம்ப்யூட்டர், அதன் காலிலா போய் விழ முடியும்? இந்த மாதம் பத்தாம் தேதிக்குள் இரண்டு ஆகிவிட்டது.

அந்த வீட்டில் அடுப்பெரிவது இப்போது அவள் சம்பளத்தில்தான். கணவர் இரும்பு பீரோ செய்கிறவர். தெருவுக்கே அவர் பீரோக்காரர். ஒரு விரலால் தள்ளினால் கதவு சத்தமில்லாமல் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்படிக் கைவேலை. ஆனால் ஜனங்கள் பலகை அலமாரிக்கு மாறி வருஷக்கணக்காகிறது. பட்டறைக் கூரை ஒழுகுகிறதென்று, விற்காத பீரோ ஐந்தையும் வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தியிருந்தார். வருகிறவர்கள் ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும். யாராவது கேட்டால், எல்லாம் ஆர்டர், அடுத்த வாரம் போய்விடும் என்பார். அந்த அடுத்த வாரம் எந்தத் தெருவில் வழி தவறி நிற்கிறதோ தெரியவில்லை. அவளும் பக்கத்தில் நின்று ஆமாம் போடுவாள்.

அவளுக்குச் சந்தேகமெல்லாம் பழைய ரவுட்டர் மேல். புதிதாக எதை வாங்குவதென்று நான்கு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டாள். செல்போனில் மற்றவர்கள் எழுதியதைப் படித்தாள். ஒரே ரவுட்டரைப் பற்றி ஒருவர், வாங்கிய மறுநாளே உயிரை விட்டது என்றார். இன்னொருவர், கொண்டுவந்து கொடுத்த தம்பி தங்கமான பையன் என்று ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். மாடிவீட்டுக்காரரைக் கேட்டாள். பள்ளிக்கூட லேபில் குடுவை கழுவி ஓய்வுபெற்றவர், அதனால் எல்லோருக்கும் அவர் விஞ்ஞானி. ஆன்டெனா எத்தனையோ அத்தனை பலம் என்று அவர் அடித்துச் சொன்னார். கடைக்காரர் இது மூன்று மாடிக்கு எட்டும் என்றார். மாடியெல்லாம் வேண்டாம், கூடத்திலிருந்து அடுத்த அறைக்கு எட்டினால் போதும் என்றாள். அதற்கு அவர் அட்டைப்பெட்டியைத் திருப்பி, அதில் சிரித்துக்கொண்டிருந்த குடும்பத்தைக் காட்டினார்.

நான்கு ஆன்டெனா உள்ளதை வாங்கி வந்தாள். மல்லாந்த கரப்பான்பூச்சி மாதிரி இருக்கிறதே என்று பீரோக்காரர் சிரித்தார். பூச்சியோ புழுவோ, அதுவும் முதல் நாளே தள்ளாட ஆரம்பித்தது. பேச்சு விட்டு விட்டுக் கேட்டது. ஒவ்வொரு போனையும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு முடித்தாள். மறுநாள் இணைப்புக் கம்பெனியின் டெக்னீஷியனை வரவழைத்தாள். அவன் கூடத்தில் நின்று போனைப் பார்த்தான். அவள் வேலை செய்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தான். திரும்பி வந்து நடு பீரோவை விரல் முட்டியால் தட்டினான்.

"அக்கா, ரவுட்டர் மேல ஒரு குத்தமும் இல்ல. பழசும் நல்லாத்தான் இருந்திருக்கும். நடுவுல இவ்வளவு இரும்ப நிறுத்தி வெச்சா எத வாங்கினாலும் இதே கததான்."

அவள் கூடத்துக்கு வந்து உட்கார முடியாது. நோயாளிகளின் விஷயம் வெளியே கேட்கக்கூடாதென்று, கதவுள்ள அறையாகப் படம் எடுத்து அனுப்பித்தான் வேலையே கிடைத்தது. ஆகவே அவன் கம்பியை நீட்டி, அவள் மேஜைக்கு மேலே சுவரில் ரவுட்டரை மாட்டிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு ஒரு குறையும் இல்லை. ஒன்பது நாள், குரல்கள் பக்கத்து நாற்காலியிலிருந்து பேசுவதுபோல் கேட்டன. கொஞ்சம் சதைகூடப் போட்டாள்.

டெக்னீஷியன் வந்த அன்று சாயங்காலம் என்ன கோளாறாம் என்று பீரோக்காரர் கேட்டார். துணியை வைத்துக்கொண்டு, தினமும் செய்வதுபோல, மூன்றாவது பீரோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். உங்கள் இரும்புதான் என் பிழைப்பைக் கெடுக்கிறது என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

"தூசிங்க," என்றாள். "கூடத்துல தூசி போய் அடைச்சிருக்காம்."

அவர் நம்பினார். இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் சொன்ன பொய்களை ஒரு கை விரலில் அடக்கிவிடலாம். எல்லாமே அவர் மனம் நோகக்கூடாதென்று சொன்னவைதான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினாள். மேஜைக்கு மேலே ரவுட்டரைக் காணோம். அந்த இடத்தில் ஓர் இரும்புப் பெட்டி. கிளிப்பச்சை பெயின்ட், குட்டிக் கைப்பிடி, சாவியோடு பூட்டு, கதவின் விளிம்பு சுற்றிலும் கம்பளித் துணி ஒட்டி, காற்றுக்கு விட்ட நாலு துளைக்கும் சல்லடைக் கம்பி. நாலு ஆன்டெனாவும் மடங்கி உள்ளே படுத்திருந்தன. எத்தனையோ நாளாகத் தொடாத வெல்டிங் மெஷினை இதற்காக எடுத்திருக்கிறார். அவர் செய்ததிலேயே அழகான பெட்டி அதுதான்.

"இனிமே ஒரு பொட்டு தூசி உள்ள போகாது," என்றார். "உன் சம்பாத்தியத்துல உக்காந்து சாப்பிடுறேன். என்னால ஆனது இதாவது இருக்கட்டும்னு பண்ணேன்."

அவள் அந்த நிமிஷம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கதவைத் திறந்தே வைக்கலாமா என்று மட்டும் கேட்டுப் பார்த்தாள். அப்புறம் பெட்டி எதற்கு என்றார், நியாயமாகத்தான். லேப்டாப்பைத் திறந்தாள், சிக்னல் ஒரு கோடு, சில சமயம் இரண்டு. காலையில் அவர் பட்டறைக்குப் போனதும் திறந்து வைத்துக்கொள்வோம், வருவதற்குள் சாத்திவிடுவோம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

பீரோவில் சாவியை விட்டுப் போவது அவர் தொழிலில் பாவம். காலையில் அவள் அடுப்படியிலிருந்து வருவதற்குள் பெட்டியைப் பூட்டி, சாவியைத் தன் கொத்தில் கோத்துக்கொண்டு போய்விட்டார். போன் அடித்துப் பார்த்தாள். பட்டறையில் இரும்பு தேய்க்கிற கிரைண்டர் ஓடினால் அவர் காதில் இடி விழுந்தாலும் கேட்காது. செல்போன் நெட்டில் இந்த வேலைக்கு அனுமதி கிடையாது. எட்டு மணிக்கு வேலை தொடங்கியாக வேண்டும், தொடங்கினாள். நாலு பேர் எப்படியோ தப்பித்தார்கள். ஐந்தாவது ஒரு பெரியவர், சிறுநீரக டாக்டரைப் பார்க்க வேண்டும். சீட்டு நம்பர் கேட்டாள்.

"ஏழு, மூணு... இரும்மா, கண்ணாடிய எடுத்துக்கறேன்..."

அவ்வளவுதான். திரையில் வட்டம் சுழல ஆரம்பித்தது. ஸ்க்ரூடிரைவரைக் கதவிடுக்கில் கொடுத்து நெம்பினாள். பெயின்ட்கூட உரியவில்லை. அவர் பூட்டினால் அது பூட்டு. அரை மணி நேரத்தில் அவள் செல்போனுக்குக் கடிதம் வந்தது: மூன்றாவது முறை, இதுவரை உழைத்ததற்கு நன்றி, கணக்கு மூடப்பட்டது.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வரும்போது அவர் நடையிலேயே ஒரு துள்ளல் தெரிந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் அவள் ஹெட்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஏன் மாட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. அவர் கதவைத் திறந்து தலையை நீட்டி, சாவியை மேஜை ஓரத்தில் வைத்தார்.

"மறந்து எடுத்துட்டுப் போயிட்டேன். பொட்டி எப்படி இருக்கு?"

"ஒரு பொட்டு தூசி இல்லீங்க."

அவர் முகம் மலர்ந்தது. நேற்று மாடிவீட்டு விஞ்ஞானி வந்து பார்த்துவிட்டுத் தனக்கும் ஒன்று கேட்டாராம், தெருவில் இன்னும் இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறாராம். எத்தனை நாளைக்கப்புறம் ஆர்டர் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவள் கறுத்துக் கிடந்த திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டு, மைக்கை வாயருகே இழுத்தாள்.

"சொல்லுங்க, எந்த டாக்டரைப் பாக்கணும்?" என்றாள்.

வேலை நேரத்தில் தொந்தரவு செய்துவிட்டோமே என்று அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கால் நுனியில் நடந்து வெளியே போய், கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.