டாக்டர் எழுதிக் கொடுத்த ஒயின்

ஃபெர்னானின் மார்பில் குழலை வைத்துக் கேட்ட பிரெஞ்சு டாக்டர், இதயம் தளர்ந்திருக்கிறது என்றார். மருந்துச் சீட்டின் முதல் வரியிலேயே எழுதினார்: இரவுச் சாப்பாட்டோடு சிறு கிளாஸ் சிவப்பு ஒயின், அதற்கு மேல் ஒரு சொட்டும் கூடாது. சைகோனில் இருந்த புதுச்சேரிக்காரர்கள் கேட்டால் சிரித்திருப்பார்கள். சுங்க இலாகா குமாஸ்தா ஃபெர்னான் ஒரு காலத்தில் சம்பள நாளன்று வீட்டுக்கு நடந்து வந்ததே கிடையாது. யாராவது கைரிக்‌ஷாவில் ஏற்றி அனுப்ப வேண்டும். திடீரென்று ஒருநாள் குடியை விட்டான். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்று எல்லோரும் காத்திருந்தார்கள். ஒன்பது வருடம் விடிந்தும் போகவில்லை.

அவன் மனைவி அந்துவானேத்துக்குப் புட்டியைக் கண்டாலே பயம். ஆனாலும் புருஷன் உயிர் பெரிதல்லவா? தானே கடைக்குப் போய் வாங்கி வந்தாள். தினமும் அளந்து ஊற்றி வைத்துவிட்டு, ரசம் எடுக்க அடுப்படிக்குப் போவாள். திரும்பும்போது கிளாஸ் காலியாக இருக்கும். மனதுக்குள் ஒரு ஜெபம் சொல்லிக்கொள்வாள்.

மூன்றாவது வாரம், ஜன்னலோரக் குரோட்டன்ஸ் தொட்டிக்குத் தண்ணீர் விடப் போனவள் மூக்கில் அந்த வாடை அடித்தது. தொட்டி மண் புளித்துக் கிடந்தது.

"நல்லா இருக்கு. செடிக்கா நெஞ்சு வலி?" என்றாள். "இந்த ஊர்ல என்னைத் தனியா விட்டுட்டுப் போயிடலாம்னு பாக்குறீங்களா?"

ஃபெர்னான் மேசை விரிப்பைத் தடவினான்.

"நீ விஷக்காய்ச்சல்ல கெடந்தியே, அப்ப டாக்டர் கைய விரிச்சுட்டாரு. வேளாங்கண்ணி மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன். இவள எனக்குக் குடுத்துடு தாயே, இனிமே ஒரு சொட்டு தொடமாட்டேன்னு."

பங்குச் சாமியார் திட்டித்தான் அவன் திருந்தினான் என்று இத்தனை வருடமும் அவள் நினைத்திருந்தாள்.

"சாமியாரைக் கேட்டா நேர்ச்சைய மாத்திக் குடுப்பாரே," என்றாள், குரல் இறங்கி. "மருந்துக்குத்தானே."

"கேட்டேன். மாத்தித் தரேன்னுதான் சொன்னாரு. அவருக்கென்ன? ஏதாவது ஆச்சுன்னா உன்னை எழக்கப்போறது நான்தானே."

அதற்கு மேல் அவளால் கோபப்பட முடியவில்லை. அவன் தலையை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் அவளே டாக்டரிடம் போய் வேறு மருந்து கேட்டாள். ஒயின் இல்லாவிட்டால் ஒன்றும் குடி முழுகிப் போகாது என்றார் அவர். அதை எழுதினால்தான் நோயாளிகள் முகம் மலர்கிறதாம். உப்பைக் குறைக்க வேண்டும், சுருட்டை விட வேண்டும், மாலையில் நடக்க வேண்டும்.

அன்றிலிருந்து வெயில் தாழ்ந்ததும் இருவரும் ஆற்றங்கரை வரை நடந்தார்கள். அவனுக்கு மூச்சு வாங்கும்போதெல்லாம் அவள் கப்பல் பார்ப்பது போல நின்றுகொள்வாள்.

நாலைந்து நாள் கழித்து, கரையில் கூடை வைத்திருந்த வெற்றிலைக்காரியிடம் ஃபெர்னான் ஒரு சுருள் வாங்கி நீட்டினான். அந்துவானேத் பதினைந்து வயதிலிருந்து வெற்றிலை போடுகிறவள். காய்ச்சலில் கண் திறந்ததும் அதைத்தான் கேட்டாள்.

"வேணாங்க. விட்டுட்டேன்."

"எப்பலேருந்து?"

"டாக்டரைப் பாத்துட்டு அப்படியே மாதா கோயிலுக்குப் போனேன், அன்னிலேருந்து."

அவளுடைய உதடு வெளுத்திருந்தது. அங்கே என்ன கேட்டாள் என்று அவன் கேட்கவில்லை. சுருளை வெற்றிலைக்காரியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஊர் பார்க்க, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.