பெட்டியின் உள்ளளவு

காலையில் எழுந்தேன். பல் தேய்த்தேன். பாலைக் காய்ச்சி ஒரு தம்ளர் காபி போட்டு, அடுப்படியிலேயே நின்று குடித்தேன். குளித்தேன். துவைத்து வைத்ததில் மேலே இருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அன்று விடுமுறை. மேஜையில் பேப்பரை விரித்துப் பெட்டிக்குக் கணக்குப் போட உட்கார்ந்தேன்.

ஸ்பீக்கர் பெட்டி. எட்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்றுக்காக என் மனைவி அளவு போட்டது. அவள் கல்லூரியில் இயற்பியல் ஆய்வகம் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பலகையில் ஸ்பீக்கருக்கு ஒரு ஓட்டை, அதன் கீழே பைப்புக்கு ஒன்று. பைப் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். பெட்டிக்குள் அடைபட்ட காற்று அதன் வழியாக மூச்சு விட்டால்தான் அடிச்சத்தம் எழும். பெட்டி சிறுத்தால் பைப் நீள வேண்டும்.

அவள் கேட்டது நாற்பது லிட்டர். அகலம் இருபத்தாறு, ஆழம் முப்பத்திரண்டு, உயரம் ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். ஸ்பீக்கர், பைப், குறுக்குக் கட்டை எல்லாம் அடைக்கும் இடத்தைக் கழித்தால் நாற்பது நிற்கும். எல்லாம் உள்ளளவு. பெட்டியை அடித்துக் கொடுத்தவர் அவளுடைய அண்ணன். கட்டிலும் அலமாரியும் செய்கிற தச்சர். அலமாரிக்கு யாரும் உள்ளளவு சொல்வதில்லை. அவர் அதை வெளியளவாக எடுத்துக்கொண்டார். பதினெட்டு மில்லிமீட்டர் பலகை, எல்லாப் பக்கமும். பன்னிரண்டு லிட்டர் போய்விட்டது.

மச்சானுக்கு இது தெரியாது. பெட்டியைக் கொண்டுவந்து இறக்கிய அன்று அவள் டேப்பை உள்ளே விட்டு அளந்தாள். இன்னொரு முறை அளந்தாள். என்னடி குறை என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள். உன் மூஞ்சி சொல்லுதே, பிடிக்கலைன்னா கடையில வாங்கிக்கோ என்று கத்திவிட்டு, பரிமாறிய சாப்பாட்டைத் தொடாமல் போனார்.

மறுநாள் அவள் ஸ்கூட்டரில் ஹார்டுவேர் கடைக்குக் கிளம்பினாள். தெருமுனையில் தண்ணீர் லாரி திரும்பியது. நான் ஓடிப் போனபோது பின்சக்கரம் அவள் மேல் நின்றது. வண்டியை முன்னே எடுப்பதா, பின்னே எடுப்பதா என்று டிரைவர் என்னைக் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. பின்னே என்றேன். ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

கடைசி மூச்சில் அண்ணனைத்தான் கேட்டாள் என்று என் மாமியார் வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். நான் மறுக்கவில்லை.

கணக்கு முடிந்தது. இந்தப் பெட்டியில் அவள் விரும்பிய சத்தம் வர பைப் இருபத்தெட்டு புள்ளி நான்கு சென்டிமீட்டர் நீளம் வேண்டும். பெட்டியின் உள் ஆழமும் இருபத்தெட்டு புள்ளி நான்கு. பைப்பின் வாய் பின்பலகையில் போய் அடைத்துக்கொள்ளும்.

கதவு உதைபட்டுத் திறந்தது. மச்சான். தலையில் மரத்தூள், கையில் சுத்தியல். பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தார். ஹார்டுவேர் கடைக்காரன் அவரிடம் சொல்லிவிட்டானாம், ஸ்பீக்கர் பெட்டிக்கு ஏதோ சாமான் இருக்கிறதா என்று அவள் போனில் கேட்டுவிட்டுத்தான் கிளம்பினாள் என்று.

"இந்தப் பெட்டிக்குத்தான் அவளை அனுப்பினியா, மாப்ள?"

அவர் சுத்தியலை ஓங்கினார். முதல் அடியில் மேல்பலகையின் விளிம்பு பிய்ந்தது. இரண்டாவது அடிக்கு நான் பெட்டியின் மேல் கையை வைத்தேன். மோதிர விரல் நசுங்கியது. வலி கொஞ்சம் தாமதமாக வந்தது. காலரைப் பிடித்துத் தூக்கி என்னைச் சுவரில் அடித்தார். வாயில் பல் ஒன்று ஆடியது. கைக்குக் கிடைத்தது இன்னும் பொருத்தாத ஸ்பீக்கர்தான். காந்தப் பக்கத்தால் அவர் புருவத்தில் இறக்கினேன். தோல் பிளந்தது. எலும்பு தெரிந்தது. அவர் முழங்காலால் என் வயிற்றில் விட்டார். குடித்த காபி அவர் சட்டையில் வந்து விழுந்தது.

கீழ் வீட்டுத் தையல்காரர் மாடிப்படியில் நின்று, கட்டிலை நகர்த்துறீங்களா, இல்லை வீட்டையே நகர்த்துறீங்களா என்று கேட்டார். மேலே வந்து எட்டிப் பார்த்தவர் அப்படியே இறங்கிப் போய்விட்டார். அவர் கதவில் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

மச்சான் என்னைக் கீழே தள்ளி நெஞ்சில் ஏறி உட்கார்ந்தார். நாற்பது லிட்டர் கணக்கில் அவள் முதலில் நறுக்கி வைத்திருந்த குட்டைப் பைப் மேஜையிலிருந்து உருண்டு கிடந்தது. அதை என் தொண்டைக்குக் குறுக்கே வைத்து இரண்டு கையாலும் அழுத்தினார்.

"அம்மா சொன்னது பொய்னு எனக்குத் தெரியும். லாரிச் சக்கரத்துக்கு அடியில யாரு யாரைக் கேட்பாங்க? வீட்டை விட்டுக் கிளம்பும்போது என்ன சொன்னா? என்னைத் திட்டினாளா? அதைச் சொல்லிட்டுச் சாவு."

புருவத்து ரத்தம் என் உதட்டில் சொட்டியது. கூடவே கண்ணீரும். அப்போதுதான் அவர் அழுகிறார் என்று கவனித்தேன். தங்கை தன் மேல் கோபமாகவே போய்விட்டாளா என்பதுதான் அவருக்கு வேண்டும். நான் வாயைத் திறந்தால் அது தெரிந்துவிடும். எந்தத் தப்பைச் சரிசெய்ய அவள் கிளம்பினாள் என்பதும் கூடவே தெரிந்துவிடும். முதலாவதை மட்டும் தனியே பிரித்துக் கொடுக்க வழியில்லை. அதனால்தான் இத்தனை நாளும் அவர் என்னை, அவளைத் தனியாகக் கடைக்கு அனுப்பிய கொலைகாரன் என்று ஊரெல்லாம் சொன்னபோது சும்மா இருந்தேன். இப்போதும் இருந்திருப்பேன்.

கண் இருட்டியது. காலால் தரையை உதைத்தேன். அவர் பைப்பைக் கொஞ்சம் தளர்த்தினார்.

"சொல்லு மாப்ள. எதுவா இருந்தாலும் பரவாயில்லை. நான் தாங்கிக்குவேன்."

மூச்சு உள்ளே வந்தது. அவரைப் பார்த்தேன். தாங்குவார் என்று தோன்றவில்லை. ஆனாலும் இது தெரியாமல் அவரால் எழுந்து வீட்டுக்குப் போக முடியாது. யாரையாவது கொன்றுவிட்டுத்தான் போவார். என்னை, இல்லையென்றால் தன்னை.

வாசற்படியில் செருப்பு மாட்டிக்கொண்டே அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"அண்ணன் அடிச்ச பெட்டியை நீ பிரிச்சுடாதே. பைப்பை வளைக்க ஒரு எல்போ வாங்கிட்டு வரேன், உள்ளேயே மேல திருப்பி விட்டுடலாம். அளவு தப்பாயிடுச்சுன்னு மட்டும் அவன்கிட்ட சொல்லிடாதே, பாவம், ரெண்டு நாள் சோறு இறங்காது அவனுக்கு."