தரங்கம்பாடிக் கல்யாணம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது கால் பங்குதான். மிச்சமெல்லாம் நான் சேர்த்த கலப்படம்.

பார்த்தது இது. தாம்பரம் மார்க்கெட்டில் எங்கள் அத்தா பாத்திரக் கடை வைத்திருந்தார். எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், மாதம் நினைவில்லை. ஒரு கணவனும் மனைவியும் வந்து, கல்யாணத்தில் பரிசு கொடுக்க மூடி போட்ட எவர்சில்வர் சம்படம் ஒன்று கேட்டார்கள். விலை பேசியது அந்தப் பெண்தான். நன்றாகவே பேசினாள். ‘கட்டுப்படி ஆகாதும்மா’ என்று அத்தா மனப்பூர்வமாகச் சொல்ல வேண்டிவந்தது. வழக்கமாக அதைச் சும்மா சொல்வார்.

பெயர் வெட்டும் உளியை எடுத்துக்கொண்டு நான் கேட்டேன். “மாப்ள பேரு?”

“ரவி,” என்றார் அவர்.

“பொண்ணு பேரு?”

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள்.

“கங்கம்மா,” என்றாள் அவள் கடைசியில், பேரம் படிந்த மாதிரி.

கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்குப் பெண்ணின் பெயர் தெரியாமல் இருக்கலாம், தப்பில்லை. ஆனால் இவர்கள் ஞாபகப்படுத்திப் பார்க்கவில்லை. அந்த இடத்தில் நின்று பெயர் வைத்தார்கள். இரண்டுக்கும் முகம் வேறு. வாடிக்கையாளர் முகத்தைப் படிக்கிற தொழிலில் வளர்ந்தவனுக்கு இது போதும்.

2

முதல் வரிக்குச் சில முயற்சிகள்:

தரங்கம்பாடிக் கடல் அன்று (விட்டுவிட்டேன். கடலை வர்ணிக்க ஆரம்பித்தால் இவர்கள் தாம்பரத்தைத் தாண்டவே மாட்டார்கள்.)

கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நாகலக்ஷ்மி தன் கணவனோடு தனியாக இருந்த நேரம் மொத்தம் (கணக்குப் போட்டுப் பார்த்தேன். எழுதக் கூசிற்று.)

பொய்யை ஜோடித்தது அவள். வீட்டில் சொன்னது அவன்.

இது நிற்கும். அவன் பெயர் ஸ்ரீரங்கன், கிண்டி எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கிளார்க். முடிச்சூர் ரோட்டில் இரண்டு அறை வீடு. அதில் அவனுடைய அம்மா கிளியம்மாள், அண்ணன் ரத்தினம், அண்ணி, அவர்கள் பிள்ளைகள், பிறகு இவர்கள் இருவர். அந்த வீட்டிலிருந்து ஆட்கள் வெளியூர் போவதற்குக் கோயில், சாவு, கல்யாணம் ஆகிய காரணங்கள் இருந்தன. ‘சும்மா’ என்றொரு காரணம் இல்லை. நாகலக்ஷ்மிக்கு வேண்டியிருந்தது அதுதான்: சும்மா இரண்டு நாள், பனிக்காலத்துக் கடல், கூட இவன் மட்டும்.

(ஏன் தரங்கம்பாடி? மகாபலிபுரம் என்றால் தெருவில் யாராவது ஒருவர் அங்கே வந்து நிற்பார். பாண்டிச்சேரி என்றால் எதற்கென்று கேட்காமலே கண்ணடிப்பார்கள். தரங்கம்பாடியில் ஒரு பழைய கோட்டை, கடல் பாதி தின்ற ஒரு சிவன் கோயில். முடிச்சூர் ரோட்டில் யாருக்கும் அங்கே வேலையில்லை. எனவே பொய்யைச் சரிபார்க்கவும் ஆளில்லை.)

டிசம்பர் கடைசியில் ஒரு மாலை, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் ஸ்ரீரங்கன் போய் நின்றான்.

“ஆபீஸ்ல ரவின்னு ஒருத்தன்மா. தரங்கம்பாடில கல்யாணம். வர ரெண்டு நாளாவும்.”

“உன் பொண்டாட்டியும் வர்றாளா?”

“குடும்பத்தோட வரணும்னு சொல்லிட்டான்.”

“அப்ப ரத்தினத்தையும் இட்டுகினு போயேன். அவனும் குடும்பம்தானே?”

கிளியம்மாள் சிரித்துவிட்டார்.

“மூஞ்சியப் பாரு. போய்ட்டு வாங்க. வெறுங்கையோட போய் நிக்காதீங்க, எதுனா சாமான் வாங்கிகினு போங்க. பேரு வெட்டிக்குங்க. வர்றப்ப தாம்பூலம் வாங்காம வந்துடாதீங்க, ஆமா.”

3

இதுவரை எழுதியதை என் அண்ணன் பாட்சாவுக்குப் படித்துக் காட்டினேன். கடை இப்போது அவன் கையில்.

“இது எந்த மாசம்டா?”

“டிசம்பர் கடைசி. பனிக்காலம்.”

“மார்கழி.”

“ஆமா.”

“மார்கழில நாம இன்னா கல்யாணத்துக்குடா சாமான் வித்துகீறோம்?”

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. மார்கழி முழுக்க அத்தா கல்லாவில் உட்கார்ந்து செய்தித்தாளில் வரிவிளம்பரம் வரைக்கும் படிப்பார். தை பிறந்தால்தான் குடமும் குத்துவிளக்கும் நகரும். அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்தவன் மார்கழியில் கல்யாணம் வைத்திருக்கிறேன்.

“தைக்கு மாத்திடு.”

“பனி போய்டும்ணே.”

“அப்ப வேதக்காரங்க கல்யாணமா ஆக்கு. கிறிஸ்மஸ் முடிஞ்சி வெப்பாங்க.”

“ரவின்னு பேர் வெட்டியாச்சு. தாம்பூலம் வேற கேட்டுட்டாங்க.”

“ஒரு மாசத்த வெச்சிகினு எவ்ளோ பேஜாரு பாரு,” என்றான் பாட்சா.

நான் மாற்றவில்லை. ஒடுக்கு விழுந்த குடத்தை எங்கள் கடையில் பின்வரிசையில் ஒளித்துவைக்கும் பழக்கம் இல்லை. முன்னால் வைத்து, ஒடுக்கைத் திருப்பிக் காட்டி, ‘அதனாலதான்மா இந்த விலை’ என்போம். ஆகவே இந்த நிமிஷத்திலிருந்து தப்பு என்னுடையதல்ல, அவர்களுடையது. மாதம் பார்க்காமல் கல்யாணம் வைத்தது ஸ்ரீரங்கனும் நாகலக்ஷ்மியும். புறப்பட்ட அன்று விடியலில் வாசலில் பூசணிப்பூ வைத்தவளே அவள்தான். தெருமுனைக் கோயில் ஸ்பீக்கர் ஊரையே எழுப்பிக்கொண்டிருந்தது. தனியாகப் போகப்போகிறோம் என்கிற நினைப்பில் அவள் காதில் அது ஏறவில்லை.

கிளியம்மாள் காதில் ஏறாமலா இருந்திருக்கும்?

4

திருவள்ளுவர் பஸ்ஸில் போய், வழியில் ஒரு டவுன் பஸ் மாறி, தரங்கம்பாடியில் இறங்கினார்கள். இட்லிக் கடை வைத்திருந்த அருள்மேரியின் வீட்டு மாடியில் அறை கிடைத்தது. அன்று சாயங்காலம் கோட்டைச் சுவரோரம் நடந்தார்கள். ஸ்ரீரங்கன் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டான். காற்று குளிர்ந்து அடித்தது. கண்ணுக்கெட்டிய தூரம் மனிதர் இல்லை. அப்படியும் இருவரும் கிசுகிசுத்தே பேசிக்கொண்டிருந்ததை நாகலக்ஷ்மிதான் முதலில் கவனித்தாள்.

“ஏங்க, இங்க யாரு இருக்கா? சத்தமாப் பேசுங்க.”

“என்ன பேச?”

“எதுனா! உங்களுக்கு என் சாம்பார் பிடிக்குமா பிடிக்காதா? அண்ணி பக்கத்துல இல்ல, சொல்லுங்க.”

“பிடிக்கும்!” என்று கடலைப் பார்த்துக் கத்தினான். “புளி கொஞ்சம் ஜாஸ்தி!”

அவள் மணலில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அன்றிரவு மாடி அறையில் (கதவைச் சாத்திவிட்டேன். உங்களுக்கும் எனக்கும் அங்கே என்ன வேலை?)

மறுநாள் காலை இட்லி சாப்பிடும்போது, அம்மா கேட்ட தாம்பூலம் நினைவுக்கு வர, ஸ்ரீரங்கன் மெல்ல ஆரம்பித்தான். “ஏங்க்கா, ஊர்ல இன்னிக்கு எதுனா கல்யாணம் இருக்கா?”

“யாரு வீட்டுக் கல்யாணம் தம்பி?”

“யாரு வீடா இருந்தாலும் சரி.”

அருள்மேரி கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டுத் திரும்பினாள். “மார்கழியில எந்த மகராசன் தாலி கட்டுறான்? எங்க கோயில்ல திங்கக்கெழம ஒண்ணு இருக்கு. இருந்து பிரியாணி சாப்ட்டுட்டுப் போறீங்களா?”

நாகலக்ஷ்மி இட்லியைப் பிட்ட கையோடு உட்கார்ந்திருந்தாள்.

“ஏங்க. மார்கழி.”

“தெரியுது.”

“அத்தைக்குத் தெரியாதா?”

“அம்மா மறந்திருப்பாங்க.”

“அத்தையா? போன தீபாவளிக்கு எதிர்வீட்ல வாங்கிட்டுப் போன ஒரு டம்ளர் சர்க்கரைய இன்னிக்கும் சொல்லிக் காட்டுறாங்க.”

“அப்ப ஏன் அனுப்புனாங்க?”

அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. இந்த இடத்தில் பல நாள் பேனாவை மூடி வைத்திருந்தேன்.

5

யாருக்கு இதில் என்ன நஷ்டம் என்று பார்த்துவிடலாம். ஸ்ரீரங்கன் பிள்ளை. திட்டு வாங்குவான், அடுத்த வேளை சோறு தட்டில் விழும். நாகலக்ஷ்மி மருமகள். சும்மா கடல் பார்க்கப் புருஷனை இழுத்துக்கொண்டு போனவள், அதற்காக இல்லாத கல்யாணத்தைக் கூட்டியவள் என்று ஆகிவிட்டால், இனி மார்க்கெட்டுக்குப் போய்வருகிறேன் என்றாலும் அண்ணி, ‘எந்த ரவிக்குக் கல்யாணம்?’ என்பாள். அந்த இரண்டு அறையில் அவள் நிமிர்ந்து நடமாட முடியுமா முடியாதா என்பதுதான் பந்தயம்.

கோட்டைக்குப் பின்னால் நின்று சண்டை போட்டார்கள், இந்தத் தடவை சத்தமாகவே.

“மாப்ளையோட தாத்தா போய்ட்டாரு, கல்யாணம் நின்னுடுச்சுன்னு சொல்லிடலாம்,” என்றான் ஸ்ரீரங்கன்.

“கல்யாணத்தக் கட்டி முடியல, இப்ப சாவு வேறயா?”

“சரி, இந்தச் சம்படத்தயாவது அருள்மேரியக்காகிட்ட குடுத்துட்டுப் போலாம். கையோட கொண்டுபோனா மாட்டிக்குவோம்.”

“கையோடதான் வருது. உள்ளதச் சொல்லிடப் போறேன்.”

“என்னன்னு?”

“நாங்க ரெண்டு பேரும் கடல் பாக்கப் போனோம்னு.”

“இங்க நின்னுகிட்டு சொல்ற. முடிச்சூர் ரோட்ல வாய் வருமா?”

பஸ் புறப்பட்டபோது சம்படம் அவள் மடியில்தான் இருந்தது.

(இந்த இடத்தில் அவளை எனக்குச் சந்தேகமாக இருந்தது. இவ்வளவு துணிச்சல் உள்ளவள் முதலிலேயே உண்மையைச் சொல்லிக் கேட்டிருக்கலாமே? பிறகு தோன்றியது: ஒரு சாயங்காலம் சத்தமாகப் பேசிப் பார்த்திருக்கிறாள். அதற்கு முன்னால் அவளுக்குத் தன் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று தெரியாது.)

6

முடிவுக்கு எழுதிக் கிழித்தவை. ஒன்றில், ஸ்ரீரங்கன் முந்திக்கொண்டு தாத்தாவைச் சாகடித்தான். கதையும் கூடவே செத்தது. இன்னொன்றில், கிளியம்மாள் மருமகளைக் கட்டிக்கொண்டு அழுதார். கிளியம்மாளை நான் அப்படி எழுதினால் அவரே வந்து என்னை உதைப்பார்.

கிழிக்காமல் மிஞ்சியது இவ்வளவுதான். பொழுது சாயும் நேரம் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். கிளியம்மாள் கதவைத் திறந்தார். உள்ளே அண்ணி காதைத் தீட்டிக்கொண்டு காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கிளியம்மாளின் பார்வை நாகலக்ஷ்மியின் பையில், சம்படத்தின் வட்டம் புடைத்திருந்த இடத்தில், ஒரு கணம் நின்றது. கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகனை விட்டுவிட்டு மருமகளைப் பார்த்துக் கேட்டார்:

“கடல் எப்படி இருந்துச்சு?”

இதை எந்தக் குரலில் எழுதுவது என்பதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். கொஞ்சம் இழுத்துக் கேட்டால் அது வலை: பதில் சொன்னதும் அண்ணியைக் கூப்பிட்டு நடுக்கூடத்தில் வைத்து விசாரணை. தணித்துக் கேட்டால் அது அனுமதி: எல்லாம் தெரிந்துதான் அனுப்பினேன், அடுத்த தடவை கல்யாணம் வேண்டாம், சொல்லிவிட்டே போங்கள். இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்தேன். எழுத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

நாகலக்ஷ்மி வாயைத் திறந்துவிட்டாள். அவளுக்கான வரியை நான் எழுதப்போவதில்லை. மாமியார் உள்ளவர்களும் மாமியாராக இருப்பவர்களும் இதை என்னைவிட நன்றாக எழுதுவீர்கள். ஆனால் சீக்கிரம். ஸ்ரீரங்கன் இன்னும் செருப்பைக் கழற்றவில்லை.